உப்புச் சுமந்த தளவாயும் மூடுபல்லக்கும்

முன்னொரு காலத்தில, கரிசல் முடிஞ்சு உப்பளம் தொடங்குற இடத்தில, வெள்ளிமடைன்னு ஒரு பாளையம் இருந்துச்சாம். அதை ஆண்டவங்க பேரெல்லாம் கோயில் சுவரில வெட்டி வச்சிருக்கு. வேணுங்கிறவங்க போய்ப் பார்த்துக்கிடலாம். சுவரில இல்லாத ஒருத்தன் கதையை நான் சொல்றேன். அவன் பேரு பூலுடையான். அவன் கூடப் பிறந்த தங்கச்சி வழியில வந்தவங்கதான் இங்க உட்கார்ந்திருக்கிற நாம அத்தனை பேரும். அதனால பெருமையாவும் கேளுங்க, கூசிக்கிட்டும் கேளுங்க. ரெண்டும் நமக்குப் பாத்தியப்பட்டதுதான்.

பூலுடையானோட அப்பன் உப்புச் சுமந்தவன். ஆத்தாளும் உப்புச் சுமந்தவள். கூலி கிடையாது. அரண்மனை உப்பு, அதனால வெட்டி வேலை. தோளில புண்ணு ஆறாது, ஆற விட்டாத்தானே ஆறும்? பூலுடையான் பத்தொன்பது வயசில தோளுக்கு ஒரு மூட்டையா ரெண்டு மூட்டை போட்டுக்கிட்டு, அளத்திலிருந்து அரண்மனை வரைக்கும் இறக்காம வருவானாம். ஒருநாள் யானை மிரண்டு அரண்மனைக் கதவு சாய்ஞ்சுது. உள்ளே இருந்த பொம்பளைங்க எல்லாம் வெளிய வர்ற வரைக்கும் அந்தக் கதவை முதுகில தாங்கி நின்னானாம். பாளையக்காரர் மாடியிலிருந்து பார்த்தார். "இந்த முதுகு உப்புக்கு எதுக்கு? ஈட்டியைக் கொடுங்கடா" அப்படின்னாராம். உப்புக்காரன் சேவகன் ஆனான்.

ஆனான், ஆனா என்ன? மூட்டைதான் இறங்குச்சு. பாரம் இறங்கலை.

அந்த அரண்மனையில ரெண்டு சாதி உண்டு. நீங்க நினைக்கிற சாதி இல்லை. இடுப்பில எழுத்தாணி சொருகினவன் ஒரு சாதி, கையில ஈட்டி பிடிச்சவன் ஒரு சாதி. எழுத்தாணிக்காரன் உட்காருவான், ஈட்டிக்காரன் நிப்பான். எழுத்தாணிக்காரன் சொல்லுவான், ஈட்டிக்காரன் சாவான். எழுத்தாணிக்காரங்களுக்குப் பெரியவர் தீத்தாரப்பப் பிரதானி. பாளையக்காரருக்குக் காது அவர், வாய் அவர். இடையில பாளையக்காரருக்குன்னு மிச்சம் இருந்தது வயிறு மட்டும்தான்னு சொல்லுவாங்க.

ஒரு சித்திரை மாசம் வேட்டைக்குப் போனாங்களாம். சேவகர் காட்டுக்குள்ள போய் மிருகத்தை விரட்டிக் காடு கலைக்கணும். விடியல்ல இருந்து கலைச்சாங்க. முள்ளில கிழிஞ்சு, வெயில்ல வெந்து, உச்சிப்பொழுதில கூடாரத்துக்கு வந்தாங்க. உள்ளே பந்தி நடக்குது. வெளிய நிக்கணும். பெரியவங்க பந்தி முடிஞ்சுது. அடுத்துக் கூப்பிடுவாங்கன்னு பார்த்தா, வேட்டை நாய்ங்களுக்குத் தொட்டியில கறிச்சோறு வந்துச்சு. நாய்ங்க தின்னுச்சு. சேவகர் நின்னாங்க.

சேவகருக்கு மூத்தவர் சங்கிலிமாடன். அறுபது வயசு. நெஞ்சில நாலு தழும்பு, முதுகில ஒண்ணுகூடக் கிடையாது. அவர் போய்க் கையைக் கட்டிக்கிட்டு நின்னார்.

"எசமான், பிள்ளைங்க காலையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்கலை."

தீத்தாரப்பர் வெற்றிலையை மென்னுக்கிட்டே சொன்னாராம். "பசிக்குதோ? அந்தா தொட்டி. நாய் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கு. கையால தொடாதே, தொட்டி தீட்டாயிரும். குனிஞ்சு வாயால தின்னு. எங்க, பார்ப்போம்."

எழுத்தாணிக்காரங்க எல்லாரும் சிரிச்சாங்களாம். சங்கிலிமாடன் திரும்பிச் சேவகரைப் பார்த்தார். தான் குனிஞ்சா இவங்களுக்குச் சோறு வரும்னு நினைச்சிருப்பார். குனிஞ்சார். முழங்கால் மண்ணில பட்டுச்சு, நரைச்ச மீசை தொட்டியில பட்டுச்சு.

பூலுடையானுக்கு அதுக்கு மேல ஒண்ணும் கேட்கலையாம். நடந்து வந்தான். கிழவரைத் தோளைப் பிடிச்சுத் தூக்கி ஓரமா நிறுத்தினான். அப்புறம் பிரதானியோட பிடரியைப் பிடிச்சு, உப்பு மூட்டையைத் தூக்குற மாதிரி தூக்கிக் கொண்டுவந்து, அந்தத் தொட்டியில முகத்தை அமுக்கினான். கால் உதறுச்சு. கை மண்ணைப் பிறாண்டுச்சு. "தின்னுங்க எசமான், நல்லாத் தின்னுங்க"ன்னு சொல்லிக்கிட்டே அமுக்கினானாம். கால் நின்ன பிறகும் விடலை.

அப்புறம் நிமிர்ந்து ஒரு சத்தம் போட்டான். "இடுப்பில எழுத்தாணி இருக்கிற ஒருத்தனையும் விடாதீங்கலே!"

மூணு நாள் வெட்டினாங்க. கூடாரத்தில வெட்டினாங்க, அரண்மனையில வெட்டினாங்க, வீடு வீடாப் போய் வெட்டினாங்க. கொட்டடியில ஒளிஞ்சவனைக் குத்தி இழுத்தாங்க, கிணத்தில குதிச்சவன் மேல கல்லைப் போட்டாங்க. எத்தனை பேருன்னு தெரியாது. எண்ணி எழுத ஒருத்தனை மிச்சம் வச்சாத்தானே தெரியும்?

மூணாம் நாள், ஓலை எழுதுற ராயசம் சிவனணைஞ்சான் தானா வெளிய வந்தாராம். நல்ல மனுசன். உப்பளத்துச் சனத்துக்குக் காசு வாங்காம மனு எழுதிக் கொடுத்தவர். "பூலுடையா, ஒங்கப்பன் காலொடிஞ்சு கிடந்தப்போ அவனை வேலைக்கு இழுக்கக் கூடாதுன்னு மனு எழுதினது நான். ஒங்காத்தா சொல்லலையா?"ன்னு கேட்டார்.

"சொன்னா"ன்னான் பூலுடையான். "அந்த மனுவால எங்கப்பன் பிழைச்சானா?"

"இல்லை."

"பிறகென்ன வே எழுத்து?"

ஒரே குத்து. ஈட்டி முதுகு வழியா வந்துச்சு.

இங்கதான் நம்ம ஆளுங்க செஞ்ச தப்பு. எழுத்தைப் பிடுங்கி வச்சிருந்தவனைக் கொன்னாங்க. எழுத்தைப் பிடுங்கலை. அதையும் சேர்த்துப் புதைச்சுட்டாங்க. அதுக்கு என்ன விலைன்னு மேல கேளுங்க.

பாளையக்காரரைத் தானியக் கொட்டடியில போட்டுக் கதவைச் சாத்தினாங்க. சுத்தி நெல்லு, குடிக்கத் தண்ணி இல்லை. ஆறாம் நாள் செத்தார். அவர் பேரன் அஞ்சு வயசுப் பிள்ளையைச் சிம்மாசனத்தில தூக்கி வச்சாங்க. பிள்ளைக்குக் கால் தரையில எட்டாது. பக்கத்தில தளவாய்ப் பட்டம் கட்டிக்கிட்டுப் பூலுடையான் நின்னான். பிள்ளை தும்மினாக்கூட இவனைப் பார்த்துட்டுத்தான் தும்முமாம்.

முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லணும். வெட்டி வேலை ஒழிஞ்சுது. உப்புச் சுமந்தவனுக்கு அன்னன்னிக்குக் கூலி. சேவகருக்கு முதல் பந்தி. உப்பளத்துச் சனம் பூலுடையான் போற பாதையில விழுந்து கும்பிட்டுச்சாம். கும்பிட விடாதேன்னு சங்கிலிமாடன் சொன்னார். அவன் விட்டான்.

ரெண்டாம் வருசம் மதுரையிலிருந்து ஓர் ஓலை வந்துச்சு. வாசிக்க ஆள் இல்லை. "எழுத்துத் தெரிஞ்சவன் வரலாம், ஒண்ணும் செய்ய மாட்டேன்"னு தளவாய் பறை அடிக்கச் சொன்னார். எங்கேயோ ஒளிஞ்சிருந்த ரெண்டு பேர் நம்பி வந்தாங்க. வாசிச்சாங்க. வாசிச்சு முடிச்சதும் தளவாய்க்கு ஒரு யோசனை. 'வாசிக்கத் தெரிஞ்சவனுக்கு எழுதவும் தெரியுமே! மதுரைக்கு என்ன எழுதுவான்னு நான் எப்படிக் கண்டேன்?' ரெண்டு பேருக்கும் வலது கையை மணிக்கட்டோட வெட்டி அனுப்பினார். அதுக்குப் பிறகு வெள்ளிமடையில ஒருத்தருக்கும் அரிச்சுவடிகூடத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சவன் தெரியாதுன்னான்.

பத்து வருசம் போச்சு. தளவாய்க்குப் பெரிய வீடு வந்துச்சு. வாசல்ல காவல் வந்துச்சு. நல்ல சாதி வேட்டை நாயும் வந்துச்சு. ஒருநாள் சேவகர் வீட்டுப் பொம்பளைங்க தண்ணிக்குப் படுற பாட்டைச் சொல்லலாம்னு சங்கிலிமாடன் அந்த வாசலுக்கு வந்தார். காலையில வந்தவரை உச்சி வரைக்கும் நிறுத்தி வச்சாங்க. உள்ளே பந்தி. அப்புறம் நாய்ங்களுக்குச் சோறு வச்சாங்க.

கிழவர் வாசல்ல நின்னு ஊருக்கே கேட்கக் கூப்பிட்டாராம். "ஏலே பூலுடையா! நாய் சாப்பிட்டாச்சா? நான் வரலாமா?"

காவல்காரன் ஒருத்தன் சிரிச்சுட்டான். அந்தச் சிரிப்புதான் கிழவருக்கு எமன். பூலுடையான் வெளிய வந்தான். முகத்தில ரத்தம் ஏறியிருந்துச்சு.

"தளவாய்னு சொல்லும்."

"நான் ஒனக்கு ஈட்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தப்போ நீ வெறும் பூலுடையான்தான். நான் எவன் முன்னாலயும் ஒருக்காதான்லே குனிவேன். அது முடிஞ்சுபோச்சு."

புளிய விளாரால முப்பது அடின்னு உத்தரவு. இருபதிலேயே கிழவர் போயிட்டாராம். முதுகில தழும்பு இல்லாத மனுசன், முதுகில அடி வாங்கிச் செத்தார். அடிச்சவன் விளாரைக் கீழ போட்டான், மிச்சம் பத்தையும் அடிடான்னு தளவாய் சொன்னார். அடிச்சான். சேவகர் எல்லாரும் அதைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க.

அடுத்த வருசம் மேலமலைப் பாளையத்தோட சண்டை. சேவகர் ஈட்டியைப் பிடிச்சாங்க, எறியலை. வெள்ளிமடை தோத்துச்சு. மேலமலையார் பிணை கேட்டார். தளவாய்க்கு இருந்தது ஒரே பிள்ளை, ஆறு வயசு, பேரு கொண்டல்முத்து. "வருசம் ஒண்ணு எங்ககிட்ட இருக்கட்டும். நீர் வாலை ஆட்டாம இருந்தா, பிள்ளை திரும்பி வரும்." கொடுத்தாகணும். கொடுத்தார். பிள்ளை போன பாதையைப் பார்த்துக்கிட்டு அவர் பெண்டாட்டி உலகம்மை மூணு நாள் வாசல்ல உட்கார்ந்திருந்தாளாம்.

எட்டு மாசம் கழிச்சு எல்லைப் பாறைப் பக்கத்தில ஒரு பனையில ஓலைச்சுருள் ஒண்ணு தொங்குச்சு. கொண்டுவந்து கொடுக்க ஆள் கிடையாது, ஏன்னா முன்னால மேலமலையிலிருந்து சேதி கொண்டுவந்தவனைத் தளவாய் கழுவில ஏத்தினது ஊரறிஞ்ச கதை. மேலமலை முத்திரை. அவசரச் சிவப்பு நூல். பூலுடையான் அதைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தலைகீழாப் பிடிச்சிருந்தானோ என்னவோ, சொல்லவும் ஆள் இல்லை. பறை அடிக்கச் சொன்னான். "வாசிக்கிறவனுக்கு ஒரு கேடும் வராது, ஆத்தா மேல ஆணை!" ஊரே தன் வலது கையைப் பார்த்துக்கிட்டு வீட்டுக்குள்ள இருந்துச்சு. ஒருத்தரும் வரலை.

உலகம்மை வெளிய இறங்கினா. செருப்பு இல்லாம உப்பளத்துக்குப் போய், பாத்தி பாத்தியா நின்னு கேட்டாளாம். "தாயி, யாருக்காவது ரெண்டு எழுத்துத் தெரியுமா? என் பிள்ளை அங்க இருக்கான்." கடைசிப் பாத்தியில உப்பு வாரிக்கிட்டு இருந்த ஒருத்தியோட காலில போய் விழுந்தா. அவ வாரியைக் கீழ வச்சுட்டு எழுந்தா. உலகம்மை அவளைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தா.

"நீ யாரு?"ன்னான் பூலுடையான்.

"பொன்னுருவி. அளத்தில உப்பு வாருறவ."

"ஒனக்கு எழுத்து யாரு சொல்லிக்கொடுத்தது?"

"எங்கப்பா."

"ஒங்கப்பன் யாரு?"

"ராயசம் சிவனணைஞ்சான்."

பூலுடையான் அவளையே பார்த்தான். அவளும் பார்த்தா.

"வாசிச்சதுக்குக் கை போன கதை தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். ஒங்களுக்காக நான் வரலை. ஒங்க வீட்டம்மா காலில விழுந்தா, அதுக்காக வந்தேன்."

ஓலையைப் பிரிச்சா. நிறுத்தி நிதானமா வாசிச்சா. 'வெள்ளிமடைத் தளவாய்க்கு. உம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு ஒன்பது நாள். எங்கள் வைத்தியர் கைவிட்டார். அப்பனைக் கேட்டு அழுகிறான். பிணையை விட்டோம். வெள்ளிக்கிழமை உச்சியில், காற்றுப் படாதபடி மூடுபல்லக்கில் எல்லைப் பாறைக்குக் கொண்டுவருகிறோம். ஆயுதம் இல்லாமல், ஒருவராக வந்து வாங்கிக்கொள்ளும்.'

உலகம்மை அழுதா. பூலுடையான் சிரிச்சான்.

"மூடுபல்லக்கு! கருங்கோட்டையை நான் எப்படிப் பிடிச்சேன்? நாலு மூடுபல்லக்கு. கல்யாணப் பொண்ணுங்க வர்றாங்கன்னு சேதி அனுப்பினேன். உள்ள ஆளுக்கு ரெண்டு வாள். என் வித்தையை எனக்கே காட்டுறான் மேலமலைக்காரன். இல்லைன்னா, அப்படி ஒண்ணும் ஓலையில கிடையாது, இந்தப் பொண்ணு கட்டிச் சொல்றா. அப்பனைக் கொன்னவனை வெறுங்கையோட போன்னு சொல்றா! கேட்டீங்களாலே?"

பொன்னுருவி சொன்னா, "ஓலையில இருக்கிறதைச் சொன்னேன். நம்புறதும் நம்பாததும் ஒங்க பாடு."

"நம்புங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"னு உலகம்மை கத்தினா. "ஒங்க புத்திதான் எல்லாருக்கும் இருக்குமா? நான் போறேன், நான் போய் வாங்கிட்டு வர்றேன்."

அவளை அறையில போட்டுப் பூட்டச் சொன்னான். பொன்னுருவியைத் தூணில கட்டச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை. உச்சி வெயில், நிழல் காலடியில கிடக்கு. நாற்பது சேவகரை உடைமரத்துக்குப் பின்னால படுக்க வச்சான். ஈட்டியை மணலில புதைச்சு, கால் பெருவிரலால தொட்டுக்கிட்டு, தனியா நின்னான். பல்லக்கு வந்துச்சு. தூக்குறவன் ஆறு பேர். ஒருத்தன் இடுப்பிலயும் கத்தி இல்லை. அதுவே அவனுக்குச் சந்தேகம். கத்தி இல்லாம எவன் வருவான்? உள்ளதான் இருக்கு.

பல்லக்கை இறக்கினாங்க. முன்னால நின்ன பெரியவர் வேர்வையைத் துடைச்சுக்கிட்டு, "தளவாயே, சும்மா வாங்க, நீங்களே திரையை விலக்குங்க. நீங்க வந்திருக்கீங்களான்னு பிள்ளை வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தான்"னார்.

திரை அசைஞ்சுது. உள்ளிருந்து ஏதோ அதைத் தள்ளுச்சு.

விலக்கியிருக்கலாம். நாலு எட்டுதான். ஆனா கருங்கோட்டையில திரை இப்படித்தான் அசைஞ்சுது, அசைச்சது அவன் கை. அவனுக்கு அதுதான் கண்ணில நின்னுச்சு. காலால மணலைத் தட்டினான், ஈட்டி கைக்கு வந்துச்சு. கதவைத் தாங்கின அந்த முதுகு வளைஞ்சு நிமிர்ந்துச்சு. ஈட்டி திரையைக் கிழிச்சுப் பல்லக்கின் அந்தப் பக்கம் பாதி வெளிய வந்து நின்னுச்சாம்.

"வெட்டுங்கலே!"

நாற்பது பேரும் எழுந்தாங்க. தூக்கி வந்தவங்க கையெடுத்துக் கும்பிட்டாங்க. கும்பிட்ட கையோட வெட்டினாங்க. அஞ்சு பேர் அங்கேயே. ஒருத்தன் காது அறுந்து ரத்தத்தோட மேலமலைக்கு ஓடினான்.

அப்புறம் சத்தம் அடங்குச்சு. பல்லக்கிலிருந்து ஒருத்தனும் குதிக்கலை. பூலுடையான் போய்த் திரையை விலக்கினான்.

சேவகர் யாரும் கிட்ட போகலையாம். அவன் முதுகுதான் தெரிஞ்சுது. அந்த முதுகு ரொம்ப நேரம் அசையலை.

பிள்ளையை ரெண்டு கையிலும் ஏந்திக்கிட்டு ஊருக்குள்ள நடந்து வந்தான். ஒரு வீட்டிலயும் அழலை, பயம். நேரா தூண்கிட்ட வந்தான். ஒரு சேவகனைப் பார்த்து, "அவளை அவிழ்த்துவிடு"ன்னான். அப்புறம் அவகிட்ட, "வாசி"ன்னான்.

பொன்னுருவி வாசிச்சா. ஒரு எழுத்து கூடலை, ஒரு எழுத்து குறையலை.

"இன்னொருக்கா வாசி."

வாசிச்சா.

"இன்னொருக்கா."

மூணாம் தரமும் அதேதான்.

"பொய் சொல்லியிருக்கலாமே!"ன்னு அலறினானாம். "படையோட வா, பிள்ளையைக் கொல்லப்போறாங்கன்னு வாசிச்சிருந்தா, அதைச் சூதுன்னு நினைச்சு வெறுங்கையோட போயிருப்பேனே! ஏன்டி நீ பொய் சொல்லலை?"

"எனக்கு வாசிக்கத்தான் சொல்லிக்கொடுத்தாங்க"ன்னா அவ.

அறைக்கதவைத் திறந்து விட்டது யாருன்னு தெரியாது. உலகம்மை வந்தா. அவன் கையிலிருந்து பிள்ளையை வாங்கினா. முகத்தைத் துடைச்சு, தலையைக் கோதி, பொன்னுருவி மடியில படுக்க வச்சா. பக்கத்தில நின்ன சேவகன் கையிலிருந்து ஈட்டியை எடுத்தா. அவன் கொடுத்தான்னும் சொல்லுவாங்க. அவன் சங்கிலிமாடனோட தம்பி மகன்.

பூலுடையான் அவளைப் பார்த்தான். கையைத் தூக்கலை.

"குத்து"ன்னான்.

அவளுக்குப் பழக்கம் இல்லை. முதல் குத்து விலாவில போச்சு. ரெண்டாவது தோளில. மூணாவதுதான் நெஞ்சு. அந்த உடம்பு விழ நேரமாச்சாம். அவன் தளவாயானது முதல் அன்னிக்கு வரைக்கும் அவனுக்கு முன்னால நிமிர்ந்து நிக்காத நாற்பது சேவகரும் நிமிர்ந்து நின்னு பார்த்தாங்க. ஒருத்தன் கையும் தடுக்க எழும்பலை.

மறுநாள் காது அறுந்தவனைக் கூட்டிக்கிட்டு மேலமலையார் படையோட வந்தார். சண்டை போட யாரும் இல்லை. சிம்மாசனத்தில இருந்த பழைய பாளையக்காரரோட பேரன் தானா இறங்கிப் போய் வேற பாளையத்தில மிளகாய்த் தோட்டம் போட்டுப் பிழைச்சாராம். நம்ம சனத்துக்குத் திரும்பவும் வெட்டி வேலை. அது தீர இன்னும் எத்தனையோ தலைமுறை ஆச்சு, அதில நாலு தலைமுறை சண்டை எனக்கே தெரியும். பொன்னுருவி கைக்கு ஒண்ணும் ஆகலை. அவ சாகுற வரைக்கும் உப்பளத்திலேயே இருந்து, வந்து கேட்டவங்களுக்கெல்லாம் ஓலை வாசிச்சுச் சொன்னா.

உலகம்மை மட்டும் வீட்டுக்குப் போகலை. எல்லைப் பாறையில போய் நின்னா. அந்த வழியா எந்தப் பல்லக்கு வந்தாலும் ஓடி வந்து மறிப்பா. திரையை விலக்குவா. உள்ளே யாருன்னு பார்ப்பா. கல்யாணப் பொண்ணா இருந்தாலும், மிராசுதாரா இருந்தாலும், மதுரையிலிருந்து வர்ற அதிகாரியா இருந்தாலும் விலக்கிப் பார்ப்பா. பார்த்துட்டு, "போங்க, போங்க"ன்னு சொல்லுவா. காவல்காரன் அடிச்சிருக்கான், அடிச்சாலும் பார்த்துட்டுத்தான் விடுவா. இருபத்திரண்டு வருசம் அப்படி நின்னாளாம். வெயில்ல கறுத்து, பாறை எது, அவ எதுன்னு தெரியாமப் போச்சாம். அவ ஓடி வர வேண்டாமேன்னு, போகப் போக அந்த வழியா வர்ற சனமே திரையைத் தூக்கிக் காட்ட ஆரம்பிச்சுது.

அதனாலதான் அந்தப் பாறைக்குத் திரைதூக்கிப் பாறைன்னு பேரு. பல்லக்கு போய் வில்வண்டி வந்துச்சு, படுதாவைத் தூக்கினாங்க. வண்டி போய்க் கார் வந்துச்சு. இன்னிக்கும் அந்த இடத்தில கண்ணாடியை ஏத்திக்கிட்டு ஒரு காரும் போகாது. ஓட்டுக் கேட்டு ஜெயிச்ச ஒருத்தர் கறுப்புக் கண்ணாடியை இறக்காமப் போகப் பார்த்தார். ரெண்டு மணி நேரம் நம்ம சனம் ரோட்டில உட்கார்ந்துச்சு, நானும் உட்கார்ந்தேன். இறக்கினார், முகத்தைக் காட்டினார், அப்புறம்தான் போனார். கைக்குழந்தையோட போறவங்க இருந்தா, அவங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாறை வந்ததும் வண்டியை மெதுவா விட்டு, குழந்தையை ஜன்னல்கிட்ட தூக்கி அந்தப் பாறைக்கு ஒருதரம் காட்டிட்டுத்தான் போவாங்க.